வெளுத்த நிறத்தில் வலுவான லாகர்: வீட்டில் ஹெல்லஸ் போக் காய்ச்ச ஓர் அறிமுகம்

ஜெர்மன் பீர் புட்டிகள் சிலவற்றின் லேபிளில் ஒரு கிடா முட்டத் தயாராக நிற்கும். ஆட்டுக்கும் பீருக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. எல்லாம் நாக்கு செய்த வேலை. ஜெர்மனியின் வடபகுதியில் ஐன்பெக் என்றொரு ஊர். அங்கே காய்ச்சிய வலுவான பீருக்குத் தெற்கே பவேரியாவில் ஏக கிராக்கி. அதை வரவழைத்துக் குடித்தே செலவு கூடியதால், பவேரிய அரசவை 1589-இல் மியூனிக்கில் ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற சொந்த ஆலையைத் தொடங்கியது. பிறகு 1612-இல் எலியாஸ் பிக்லர் என்ற ஆலை நிபுணரை ஐன்பெக்கிலிருந்தே கூட்டி வந்தது. மியூனிக்காரர்கள் பேச்சில் ஐன்பெக் தேய்ந்து 'ஐன்போக்' ஆனதாம். ஜெர்மனில் 'ஐன் போக்' என்றால் ஒரு கிடா. பெயர் ஒட்டிக்கொண்டது, ஆடும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

போக் எனப்படும் அந்த வலுவான பீர் குடும்பத்தில் வெளுத்த பிள்ளை ஹெல்லஸ் போக். 'ஹெல்' என்றால் வெளிர். மே மாதத்தை ஒட்டிக் குடிக்கும் வழக்கத்தால் மாய்போக் என்றும் பெயர். அடர்ந்த பொன் நிறம், மேலே வெள்ளை நுரை, ரொட்டி ஓரத்தை முகர்ந்தது போன்ற மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) வாசனை. சாதாரண லாகரில் (குளிரில் நொதிக்க வைக்கும் பீர் வகை) ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம், இதில் 6.3 முதல் 7.4 வரை.

இந்த பீரின் சூட்சுமம் என்று நான் நினைப்பது இதுதான்: குடிக்கும்போது வலு தெரியக் கூடாது, குடித்து முடித்த பிறகுதான் தெரிய வேண்டும். வலுவான பீர் இரண்டு வகையில் கெடும். ஒன்று, பாகு மாதிரி தித்தித்து இரண்டாவது வாய்க்கே திகட்டும். இல்லையென்றால் தொண்டையில் காரமாக எரியும். கறுத்த பீரில் வறுத்த மால்ட்டின் கசப்பு இந்தக் குறைகளை ஓரளவு மூடிவிடும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கொட்டிய பீரில் அந்த மணம் மூடும். ஹெல்லஸ் போக்கில் எதையும் எதன் பின்னாலும் ஒளிக்க முடியாது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையையும், இது தித்திப்பைக் குறைக்கவா எரிச்சலைத் தவிர்க்கவா என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. தமிழில் 'காய்ச்சுவது' என்றாலே சிலர் முகம் மாறும். சாராயம்தான் நினைவுக்கு வருகிறது. பீரில் வடித்திறக்கும் வேலையே கிடையாது. கொதிக்க வைப்பது வெறும் தானியச் சாற்றை. ஆல்கஹால் அதற்குப் பிறகு, குளிர்ச்சியில், ஈஸ்ட் மூலம் உண்டாகிறது. ஆனாலும் வீட்டில் பீர் செய்வதைச் சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது, சில இடங்களில் குற்றம் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

தானியத்திலிருந்தே தொடங்குவது

பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீள்வதற்குள் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைவிடும் விதை தன் மாவைச் சர்க்கரையாக்கித் தின்பதற்காக நொதிகளைத் தயார் செய்யும். உலர்த்தியதும் அந்த நொதிகள் உறங்கிவிடும், சாகாது. வெந்நீரில் போட்டால் விழித்துக்கொண்டு விட்ட வேலையைத் தொடரும். இந்த வேலையை நாமே செய்தால் அதற்கு ஆல்-கிரெய்ன் என்று பெயர். ஆலை செய்து, சுண்டவைத்து, டப்பாவில் அடைத்துத் தரும் பாகை வாங்கினால் அது எக்ஸ்ட்ராக்ட். பழகுவதற்கு எக்ஸ்ட்ராக்ட் நல்லதுதான். இந்த பீருக்கு மட்டும் நான் அதைச் சொல்ல மாட்டேன். பாகு சுண்டும்போதே நிறம் ஏறிவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், அதில் உள்ள சர்க்கரையில் எவ்வளவு ஈஸ்ட்டால் தின்ன முடியும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நமக்கு அந்த முடிவு கையில் இருக்க வேண்டும்.

ஒரு எண்ணைப் புரிந்துகொள்வோம்

பீர் செய்பவர்கள் '1.068' என்று ஏதோ எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீரின் அடர்த்தி 1.000, ஒரு லிட்டர் ஒரு கிலோ. 1.068 என்றால் ஒரு லிட்டர் சாறு 1,068 கிராம். கூடுதல் எடை அதில் கரைந்துள்ள சர்க்கரையால் வந்தது. 20 லிட்டரில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ கரைந்திருக்கிறது என்று அர்த்தம். இதை அளக்கும் கருவி ஹைட்ரோமீட்டர்: கண்ணாடி மிதவை, கழுத்தில் கோடுகள். ஜெர்மன்காரர்கள் இதையே பிளேட்டோ என்ற அளவில், நூறு கிராமுக்கு எத்தனை கிராம் என்று சொல்கிறார்கள். போக் என்று அங்கே விற்க வேண்டுமானால் குறைந்தது 16 டிகிரி பிளேட்டோ வேண்டும். நம் எண்ணில் அது சுமார் 1.065.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். 1.068-இல் தொடங்கி 1.014-இல் நின்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 7 சதவீத ஆல்கஹால். நம் இலக்கு அதுதான். 1.020-க்கு மேலே நின்றுவிட்டால் தித்திப்பு.

20 லிட்டருக்கு என் அளவு: பில்ஸ்னர் மால்ட் 4.5 கிலோ, மியூனிக் மால்ட் 1.8 கிலோ. தானியத்தில் உள்ளதில் 70 சதவீதம் நம் பானைக்கு வந்து சேரும் என்ற கணக்கு இது. பில்ஸ்னர் உடலைத் தரும், மியூனிக் நிறத்தையும் ரொட்டி வாசனையையும் தரும். இதற்கு மேல் கேரமல் மால்ட், அது இது என்று கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கக் கை அரிக்கும். வேண்டாம். கேரமல் மால்ட் தரும் தித்திப்பில் பெரும்பகுதி ஈஸ்ட் தொடாமல் அப்படியே தங்கிவிடும்.

மாஷ்

உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பதற்கு மாஷ் என்று பெயர். பார்க்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இந்த பீரின் தலையெழுத்தில் பாதி இங்கேதான் எழுதப்படுகிறது.

மாவை உடைக்கும் நொதிகளில் முக்கியமானவை இரண்டு. பீட்டா அமிலேஸ் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கத்தரிக்கும். அப்படிக் கிடைக்கும் மால்ட்டோஸை ஈஸ்ட் விரும்பித் தின்னும். ஆல்ஃபா அமிலேஸ் சங்கிலியின் நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளும் மிஞ்சும். பீட்டாவுக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் பிடிக்கும், 70-ஐ நெருங்கினால் சீக்கிரமே செத்துவிடும். ஆல்ஃபா 70-ஐத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஆக, 69 டிகிரியில் ஊறவைத்தால் கனமான, தித்திப்பு மிஞ்சும் பீர். 64-65-இல் ஊறவைத்தால் உலர்ந்து முடியும் பீர். தொடக்கத்திலேயே இத்தனை சர்க்கரை இருக்கும் நமக்கு 65-தான் சரி. நேரம் 75 நிமிடம். குறைந்த சூட்டில் வேலை மெதுவாக நடப்பதால் அவசரப்படாதீர்கள்.

கிலோவுக்கு 3 லிட்டர் என்று 19 லிட்டர் தண்ணீர் எடுங்கள். தானியம் 25 டிகிரியில் இருந்தால் தண்ணீரை 71-க்குச் சூடாக்கிக் கொட்டினால் கலவை 65-இல் வந்து நிற்கும். தானியம் தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டை உறிஞ்சுவதால் ஆறு டிகிரி அதிகம் வைத்தாலே போதுகிறது. கலவை மொத்தம் 23 லிட்டர் வரை இடம் பிடிக்கும், 30 லிட்டர் பாத்திரம் இல்லாமல் இறங்காதீர்கள். தானியத்தைக் கொட்டியதும் அடிவரை துழாவுங்கள். உள்ளே மாவுருண்டைகள் உலர்ந்தபடியே கிடக்கும்; மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. வெப்பமானியையும் ஓர் இடத்தில் மட்டும் வைத்து நம்ப வேண்டாம். என் பாத்திரத்தில் ஓரத்துக்கும் நடுவுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் காட்டிய நாள் உண்டு.

வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு கரண்டிச் சாற்றை விட்டு, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். மாவு மிச்சமிருந்தால் சொட்டு விழுந்த இடம் கருநீலமாக மாறும். அயோடினின் செம்பழுப்பு மாறாமல் அப்படியே இருந்தால் மாவு தீர்ந்துவிட்டது. உமித்துண்டு ஒன்று விழுந்தாலும் கருத்துவிடும், தெளிந்த சாற்றை மட்டும் எடுங்கள். சோதித்ததைக் கீழே கொட்டிவிடுங்கள், பாத்திரத்தில் திருப்பி ஊற்றக் கூடாது.

ஜெர்மனியில் பழைய காலத்தில் மாஷில் ஒரு பகுதியை எடுத்துத் தனியாகக் கொதிக்க வைத்துத் திரும்பக் கொட்டுவார்கள். டிகாக்ஷன் என்று பெயர். வெப்பமானி இல்லாத காலத்தில் சூட்டைப் படிப்படியாக ஏற்ற அது உதவியது, மால்ட் வாசனையையும் கூட்டும். முதல் தடவை செய்பவர் இதைத் தொட வேண்டாம். மியூனிக் மால்ட் அந்த வாசனையில் பெரும்பங்கைத் தந்துவிடும்.

பிறகு சாற்றை வடியுங்கள். வொர்ட் என்பது இதுதான். தானியம் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எனவே முதல் வடிப்பில் 13 லிட்டர் போலத்தான் வரும். இன்னொரு 13 லிட்டர் வெந்நீரை அதே தானியத்தின் மேல் ஊற்றி ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவி எடுக்க வேண்டும். இந்த நீர் 77 டிகிரியைத் தாண்டக் கூடாது. உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும்.

கொதி

26 லிட்டர் வொர்ட்டை மூடி போடாமல் 90 நிமிடம் கொதிக்க விடுங்கள். மற்ற பீர்களுக்கு 60 போதும் என்பார்கள். இங்கே கூடுதல் அரை மணிக்குக் காரணம் பில்ஸ்னர் மால்ட். மிகக் குறைந்த சூட்டில் உலர்த்தியதால் அதில் ஒரு மூலப்பொருள் அழியாமல் தங்கியிருக்கும். கொதிக்கும்போது அது டைமெத்தில் சல்ஃபைடாக மாறும். வேகவைத்த சோள வாடை. ஆவியோடு ஓடிவிடக்கூடிய சரக்கு, வெளியேற வழிதான் வேண்டும். மூடியைப் போட்டால் ஆவி குளிர்ந்து திரும்பச் சொட்டும், வாடையும் உள்ளேயே விழும். கொதி முடிந்ததும் சட்டெனக் குளிர்விப்பதும் இதற்காகத்தான். சூடாக இருக்கும்வரை அது உருவாகிக்கொண்டே இருக்கும்.

கொதி தொடங்கும் நேரம் பானையை விட்டு நகராதீர்கள். புரதம் திரண்டு நுரை எழும்பும், ஒரு நொடியில் அடுப்பெல்லாம் பிசுபிசுப்பாகிவிடும்.

ஹாப்ஸ் பற்றி இந்த பீரில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ, டெட்னாங் போன்ற மென்மையான ஜெர்மன் ரகம் ஏதாவது ஒன்று. பாக்கெட்டில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 4 சதவீதம் என்றிருந்தால் கொதி முடிய 60 நிமிடம் இருக்கும்போது 65 கிராம். கசப்பு 27 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு) அளவில் வரும், தித்திப்பைத் தூக்கிப் பிடிக்க அவ்வளவு போதும்.

ஈஸ்ட், அதன் பசி

லாகர் என்றாலே ஈஸ்ட்தான். லாகர் ஈஸ்ட்டின் பெயர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். ஏல் பீருக்கும் (சற்றுக் கூடுதல் சூட்டில் நொதிக்கும் வகை) ரொட்டிக்கும் பயன்படும் செரவிசியேயும், குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட் ஒன்றும் கலந்து பிறந்த கலப்பினம் இது. அந்தக் காட்டுப் பெற்றோர் யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2011-இல் அர்ஜென்டினாவின் படகோனியா காடுகளில், மரங்களில் விளையும் பூஞ்சைக் காய்களில் இருந்ததைக் கண்டுபிடித்து யூபயானஸ் என்று பெயர் வைத்தார்கள். குளிரில் வேலை செய்யும் குணம் அந்த வழியில் வந்தது.

குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும். பழவாசனை தரும் எஸ்டர்களையும், தொண்டையை எரிக்கும் ஃபியூசல் ஆல்கஹால்களையும் குறைவாகவே விடும். லாகரின் சுத்தமான சுவைக்கு இதுவே காரணம். ஆனால் மெதுவாகப் பெருகுவதால், தொடக்கத்திலேயே பெரும் படையாக இறக்க வேண்டும். லாகருக்கு வழக்கமான கணக்கு ஒரு மில்லி லிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு 15 லட்சம் செல்கள். நம் 20 லிட்டருக்கு அது ஏறத்தாழ 50,000 கோடி. டபிள்யூ-34/70 என்ற உலர் ஈஸ்ட் இதற்கு நம்பகமானது, 11.5 கிராம் பாக்கெட் மூன்று போடுங்கள்.

மூன்றா என்று எனக்கும் தோன்றியது. முதல் தடவை ஒரே பாக்கெட்டைப் போட்டேன், அதையும் வொர்ட் 24 டிகிரியில் இருக்கும்போதே. நுரை பொங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பத்து நாளில் ஹைட்ரோமீட்டர் 1.028-இல் நின்றது, அதன் பிறகு ஒரு கோடுகூட இறங்கவில்லை. முன்வாயில் பாகு, பின்தொண்டையில் எரிச்சல். கெட்டுப்போகும் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போயிருந்தேன்.

ஆக, வொர்ட்டை 10 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே ஈஸ்ட்டைப் போடுங்கள். அதற்கு முன் நன்றாகக் குலுக்கிக் காற்றைக் கரையுங்கள். ஈஸ்ட் தன் செல் சவ்வை உறுதியாகக் கட்ட ஆக்சிஜன் வேண்டும். பீர் செய்யும் வேலை முழுவதிலும் காற்று நல்லது செய்வது இந்த ஒரு கட்டத்தில்தான். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய பழைய குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் லாகரில் இறங்குவது வீண். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டை விடும் என்பதால் கருவியின் உணர்முனையைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே துணி சுற்றுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி என்பதால் பீரும் 10 டிகிரி என்று ஆகிவிடாது.

முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் எதுவும் தெரியாமல் இருக்கலாம். பிறகு அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்படாதீர்கள். லாகர் ஈஸ்ட் கந்தகம் விடும், போகப்போக அதுவே போய்விடும்.

வெண்ணெய் வாசனையும் சூடான ஓய்வும்

ஈஸ்ட் பெருகும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருளை வெளியே விடும். அது தானாகவே டைஅசிட்டைலாக மாறும், வெண்ணெய் வாசனை. அதே ஈஸ்ட் பிறகு டைஅசிட்டைலைத் திரும்ப உள்ளே இழுத்து வாசனையற்ற பொருளாக மாற்றிவிடும். குளிரில் இந்த இரண்டும் நத்தை வேகத்தில் நடக்கின்றன. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் சூட்டை ஏற்றிக் கொடுக்கிறோம்.

எப்போது ஏற்றுவது? நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். 1.068-இல் தொடங்கியது 1.028 வாக்கில் வரும்போது முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும், ஈஸ்ட் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். அப்போது 17 டிகிரிக்கு விடுங்கள். எஸ்டர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே உருவாவதால் இப்போது சூடு ஏறினால் கெடுதல் இல்லை. எண் இறங்குவது நின்ற பிறகும் மூன்று நாள் அப்படியே இருக்கட்டும்.

போய்விட்டதா என்று அறிய மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். மூலப்பொருளுக்கு வாசனை கிடையாது, பின்னால் புட்டியில் மாறிக் கழுத்தறுக்கும். இரண்டு கண்ணாடி டம்ளரில் பீர் எடுங்கள். ஒன்றை மூடி, 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, பிறகு ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடுபட்டதில் வெண்ணெய் அடித்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் குளிரவைக்கலாம்.

குளிரில் கிடத்துதல்

ஜெர்மனில் 'லாகர்ன்' என்றால் சேமித்து வைப்பது. நாளுக்கு இரண்டு டிகிரியாக இறக்கி 1 டிகிரிக்குக் கொண்டுவந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். மிச்ச ஈஸ்ட்டும் புரதமும் அடியில் படியும், கந்தகம் போகும், கரடு மழுங்கும். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் காற்று புகும். பழைய அட்டைப்பெட்டி வாடைதான் மிஞ்சும்.

புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை என்று 120 கிராமைக் கொதித்த நீரில் கரைத்துச் சேருங்கள். அதற்கு முன்பே, குளிரவைக்குமுன் மூன்று நாளும் எண் மாறாமல் நின்றதா என்று குறிப்பைச் சரிபாருங்கள். நின்றிராத பீரை அடைத்தால் கரியமில வாயு எல்லை மீறி ஏறிப் புட்டி வெடிக்கும், கண்ணாடி பறக்கும். ஆறு வாரக் குளிரில் ஈஸ்ட் களைத்திருக்கும் என்பதால் ஒன்றிரண்டு கிராம் புது உலர் ஈஸ்ட்டும் கலந்துவிடுவது என் வழக்கம். மூன்று வாரம் அறைச் சூட்டில் நின்று வாயு ஏறட்டும், பிறகு குளிர்பெட்டிக்குள். ஊற்றும்போது புட்டியை ஒரே சாய்வில் பிடித்து, அடியில் விரல் தடிமனுக்குப் பீர் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். மங்கலான படிவு அந்தக் கடைசி வாயில்தான் இருக்கும்.